கம்பெனி லென்ஸா, வெளி லென்ஸா: 85 எம்.எம். சொல்லும் தீர்ப்பு

சோனி பாடி வைத்துக் கல்யாணம் எடுப்பவர்களிடம் அடுத்து என்ன லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "85" என்ற பதில் உடனே வரும். எந்த 85 என்று கேட்டால்தான் பேச்சு நீளும். கேமராவைச் செய்த கம்பெனியின் சொந்த லென்ஸ் வாங்கினால் காசு கரைகிறது, மற்றவர்கள் செய்த வெளி லென்ஸ் வாங்கினால் மனசு கேட்கவில்லை. இந்த "மனசு கேட்கவில்லை" என்பதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழைய நினைப்பு என்று பிரித்துப் பார்க்கலாம்.

85 எம்.எம். பிரைமை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சோனியின் இ-மவுண்டில் இந்தக் குவியத்தூரத்துக்கு மட்டும் மலிவான கம்பெனி லென்ஸ், விலை உயர்ந்த கம்பெனி லென்ஸ், அதன் புதுப்பதிப்பு, ஜப்பானிய வெளி லென்ஸ் (சிக்மா), கொரிய லென்ஸ் (சாம்யாங்), சீன லென்ஸ் (வில்ட்ராக்ஸ்) என்று எல்லாமே கிடைக்கின்றன. போட்டியாளர்கள் அனைவரும் ஒரே களத்தில் நிற்கும்போதுதான் தீர்ப்புச் சொல்வதில் பொருள் இருக்கும். போதாததற்கு, 85 என்பது முகத்துக்கான லென்ஸ். இமை மயிரில் விழ வேண்டிய ஃபோகஸ் காது மடலில் விழுந்தால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

முதலில் அந்தப் பழைய நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது வெறும் பிராண்ட் மோகம் அல்ல. டி.எஸ்.எல்.ஆர். காலத்தில் அதற்கு உறுதியான இயந்திரக் காரணம் இருந்தது. அந்தக் கேமராக்களில் படம் பதிவது ஒரு சென்சாரில், ஃபோகஸை அளப்பது கண்ணாடிக்குக் கீழே இருந்த வேறொரு சென்சாரில். இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ தள்ளி விழும். கேமரா கம்பெனிக்குத் தன் லென்ஸின் நடத்தை தெரியும். வெளிக் கம்பெனியோ கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் மொழியை ஒட்டுக்கேட்டுத்தான் தன் லென்ஸைப் பழக்க வேண்டியிருந்தது. 2013இல் சிக்மா ஒரு யு.எஸ்.பி. டாக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸைக் கணினியில் மாட்டி ஃபோகஸைத் திருத்திக்கொள்ள வாங்குபவருக்கே ஒரு கருவி! அக்கறையான செயல்தான். ஆனால் நோய் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

மிரர்லெஸ்ஸில் அந்த நோயின் வேரே போய்விட்டது. படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. எங்கே கூர்மை விழுந்திருக்கிறது என்று நேரில் பார்த்துத்தான் கேமரா லென்ஸை நகர்த்துகிறது. லென்ஸ் யாருடையது என்பது இங்கே இரண்டாம் பட்சம். வேகத்தில் வேறுபாடு இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அசையாமல் நிற்கும் மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுமா என்ற கேள்விக்கு, தரமான வெளி லென்ஸும் கம்பெனி லென்ஸும் தருகிற பதில் ஒன்றே. பத்தாண்டுக்கு முன் கேட்ட எச்சரிக்கையை இன்றும் அப்படியே திருப்பிச் சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இன்னொரு மாற்றம் எடையில் தெரிந்தது. 2016இல் சிக்மா டி.எஸ்.எல்.ஆருக்காகச் செய்த 85 எஃப்/1.4 ஆர்ட் லென்ஸின் எடை 1,130 கிராம். 2018இல் அதே லென்ஸின் பின்னால் ஒரு குழாயைச் சேர்த்து இ-மவுண்டுக்கு விற்றார்கள். சோனி பாடியில் மாட்டினால் கேமராவே முன்னால் குப்புறச் சாயும். "வெளி லென்ஸ் என்றால் பாறாங்கல்" என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். இ-மவுண்டில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே வெறும் 18 மில்லிமீட்டர்தான். அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தி முதலிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கென்றே வடிவமைத்த டி.ஜி. டி.என். பதிப்பு 2020இல் வந்தது. எடை சுமார் 630 கிராம், பழையதில் பாதியை விடச் சற்று அதிகம்.

இனி நேருக்கு நேர். இந்திய விலை கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை மாறுவதால், விகிதம் புரிவதற்காக அமெரிக்க அறிமுக விலையையே சொல்கிறேன். சோனி 85 எஃப்/1.8, 2017இல் சுமார் 600 டாலருக்கு வந்தது. எடை 371 கிராம். சோனியின் முதல் 85 எஃப்/1.4 ஜிஎம் 2016இல் 1,800 டாலர், 820 கிராம். இரண்டுக்கும் நடுவே 1,200 டாலரில் சிக்மா எஃப்/1.4. 2024இல் ஜிஎம்மின் இரண்டாம் பதிப்பு முதல் பதிப்பு வந்த அதே 1,800 டாலருக்கே வந்தது, எடை மட்டும் 642 கிராமாகக் குறைந்தது.

2020க்கும் 2024க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இந்த வழக்கில் வாதாடவே தேவை இருக்கவில்லை. முதல் ஜிஎம் பின்னணியைக் கரைக்கும் அழகில் நிகரற்றதுதான். ஆனால் அதன் ஃபோகஸ் மோட்டார் மெதுவானது, ஓசையும் எழுப்பும். வீடியோவில் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். சிக்மாவோ எடையில் கிட்டத்தட்ட 200 கிராம் குறைவு, விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, முழுத் திறப்பில் ஓரம்வரை கூர்மை அதிகம், ஃபோகஸ் சத்தமும் இல்லை. அப்பெர்ச்சர் வளையம், அதன் கிளிக்கை நிறுத்தும் சுவிட்ச் எல்லாம் வெளி லென்ஸிலும் இருந்தன. அப்போது ஜிஎம் வாங்கியவர்கள் பெயருக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சிக்மாவிலும் குறை உண்டு, அது மூடி மறைக்கப்பட்ட குறை. லென்ஸைச் சிறிதாக்குவதற்காக, நேர்கோடுகள் உட்பக்கமாக வளையும் பிழையைக் கண்ணாடியால் திருத்தாமல் மென்பொருளிடம் விட்டுவிட்டார்கள். திருத்தத்தை அணைத்துவிட்டு ஒரு கதவுச் சட்டத்தை எடுத்தால் வளைவு நன்றாகவே தெரியும். சோனி பாடி தானாகவே திருத்திக் கொடுப்பதால் கல்யாண ஆல்பத்தில் யாருக்கும் தெரியாது. கோயில் தூண்களையும் கட்டட முகப்புகளையும் எடுப்பவர்கள் மட்டும் மனதில் வைக்க வேண்டும். இதைக் குற்றமாகச் சொல்பவர்கள், கேமரா கம்பெனிகளும் தங்கள் மிரர்லெஸ் லென்ஸ்களில் இதையே செய்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலிவான சோனி 85 எஃப்/1.8தான் இந்த வரிசையில் குறைத்து மதிக்கப்படும் லென்ஸ். எஃப்/1.8க்கும் எஃப்/1.4க்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எஃப்/1.4 சுமார் 1.65 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே ஐ.எஸ்.ஓ. 3200இல் முடிகிற ஃபிரேம் இங்கே 5000ஐச் சற்றுத் தாண்டும். இன்றைய ஃபுல்ஃபிரேம் சென்சாருக்கு இது பெரிய சுமை அல்ல. இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால் எஃப்/1.4இல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர், எஃப்/1.8இல் சுமார் ஐந்தே முக்கால். அந்த ஒன்றேகால் சென்டிமீட்டருக்காக இருமடங்கு விலையும் 260 கிராம் கூடுதல் எடையும். இரண்டு கண்ணும் கூர்மையாக வர வேண்டிய முகத்துக்கு ஆழம் கூடுதலாக இருப்பதே நல்லது என்றும் வாதிடலாம். எஃப்/1.8இன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முழுத் திறப்பில், ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் உள்ள பளபளப்பான விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசியும். ஜரிகை, நெற்றிச்சுட்டி, கல் வைத்த நகை என்று மின்னும் பொருளெல்லாம் நிறைந்த நம் ஊர்க் கல்யாணத்தில் இது வெள்ளை கவுன் கல்யாணத்தை விட அதிகமாகக் கண்ணில் படும். சிக்மாவும் புது ஜிஎம்மும் இங்கே தெளிவாக மேலே.

ஆக, கண்ணாடியின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் "கம்பெனி", "வெளி" என்ற பிரிவுக்கே அர்த்தம் இல்லை. அந்தப் பிரிவு உயிரோடு இருப்பது வேறோர் இடத்தில். மவுண்டின் சொந்தக்காரர் மற்றவர்களுக்கு எதை அனுமதிக்கிறார், எதை மறுக்கிறார் என்பதில்.

சோனியையே எடுத்துக்கொள்வோம். வெளி லென்ஸ் மாட்டினால் தொடர் படப்பிடிப்பு நொடிக்கு அதிகபட்சம் 15 ஃபிரேம்தான். ஏ7 III, ஏ7 IV பாடிகள் நொடிக்கு 10 ஃபிரேம்தான் எடுப்பதால் அவற்றை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு வரம்பு இருப்பதே தெரியாது. ஆனால் நொடிக்கு 30 எடுக்கும் ஏ1ஐயோ 120 எடுக்கும் ஏ9 IIIஐயோ வாங்கியவர் வெளி லென்ஸ் மாட்டிய நொடியில், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கேமராவுக்குள்ளேயே பூட்டி வைத்தவர் ஆகிறார். லென்ஸில் எவ்வளவு வேகமான மோட்டார் இருந்தாலும் வரம்பு அதே 15தான் என்பதால், இதை லென்ஸின் இயலாமை என்று சொல்ல வழியில்லை. சோனியின் சொந்தப் பழைய லென்ஸ்கள் சிலவும் முழு வேகத்தை எட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு லென்ஸும் தன் திறனுக்கு ஏற்ப மதிப்பிடப்படுகிறது, வெளி லென்ஸ்களுக்கு ஒட்டுமொத்தமாக ஒரே கோடு. வீடியோவில் ஃபோகஸ் மாறும்போது சட்டகம் விரிந்து சுருங்குவதை ஈடுகட்டும் வசதி 2021இல் ஏ7 IVஉடன் வந்தது. அதுவும் சோனியின் குறிப்பிட்ட லென்ஸ்களுக்கு மட்டும்.

இவ்வளவு இருந்தும் சோனியைத்தான் தாராளமான கம்பெனி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2011இலேயே இ-மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமின்றித் தர முன்வந்தது. அப்போது அதன் கையில் கேமரா இருந்தது, லென்ஸ் போதவில்லை. பல பத்தாண்டுகளாக லென்ஸ் குவித்து வைத்திருந்த கேனனையும் நிக்கானையும் எதிர்கொள்ள வெளியாரின் கை தேவைப்பட்டது. தாராளம் தேவையிலிருந்து பிறந்தது, அதன் பலனை வாங்குபவர்களும் அனுபவித்தார்கள்.

கேனனுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. 2018இல் ஆர்.எஃப். மவுண்ட் வந்தபின் சாம்யாங் 85 எஃப்/1.4 லென்ஸையும் வில்ட்ராக்ஸ் 85 எஃப்/1.8 லென்ஸையும் ஆட்டோஃபோகஸோடு அதற்குச் செய்தன. சாம்யாங்கினுடையது ஓசையில்லாமல் மறைந்தது. 2022இல் வில்ட்ராக்ஸ் தன் ஆர்.எஃப். லென்ஸ்களை நிறுத்திக்கொண்டது. தன் காப்புரிமையை மீறுவதாகச் சொல்லி நிறுத்தக் கேட்டதைக் கேனன் மறுக்கவில்லை. விளைவு என்ன? கேனனில் 85 தேடியவருக்கு எஞ்சியவை 600 டாலருக்கு எஃப்/2, 2,700 டாலருக்கு எஃப்/1.2. முன்னதில் ஃபோகஸ் மெதுவாக நகரும், பின்னதன் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. நடுவில் உட்கார வேண்டிய எஃப்/1.4ஐக் கேனன் 2025இல்தான் கொண்டுவந்தது. இ-மவுண்டில் 2020இலேயே சிக்மா நிரப்பிய இடம் அது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கேனன் கொடுத்த அனுமதி ஏபிஎஸ்-சி சென்சாருக்கான லென்ஸ்களோடு நின்றது. ஃபுல்ஃபிரேம் வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நிக்கான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஃபியூஜி ஓரளவு திறந்துவிட்டது. லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018இல் சேர்ந்து அமைத்த எல்-மவுண்ட் கூட்டணியில் சிக்மா வெளியாளே அல்ல, பங்காளி. ஒரே சிக்மா 85 சோனியில் வெளி லென்ஸ், பானசோனிக்கில் வீட்டு லென்ஸ்! கண்ணாடி அதேதான்.

கேமரா கம்பெனிகளின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு மவுண்டை வடிவமைத்து, தகவல் பரிமாற்ற நெறிகளை உருவாக்கி, அடுத்த இருபது ஆண்டுக்கு அது தாக்குப்பிடிக்கும்படி செய்வது பெரிய முதலீடு. பாடியை ஒருவர் சில ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார், லென்ஸோ தொடர்ந்து விற்கும். அந்த வருமானத்தை அடுத்தவருக்குச் சும்மா விட்டுக்கொடு என்று யாரும் கேட்க முடியாது. தன் லென்ஸ் தன் பாடியோடு சேர்ந்து என்ன செய்யும் என்று அவர்கள் உத்தரவாதம் தர முடியும் என்பதும் சரி. ஆனால் காப்புரிமையைக் காப்பது வேறு, தானும் செய்யாமல் மற்றவரையும் செய்யவிடாமல் ஓர் இடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருப்பது வேறு. எஃப்/1.4 விஷயத்தில் கேனன் செய்தது இரண்டாவது.

வெளி லென்ஸ் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள்ளும் படிகள் இருக்கின்றன. சிக்மா இ-மவுண்டுக்குச் செய்யும் மிரர்லெஸ் லென்ஸ்களின் ஃபர்ம்வேரைக் கேமரா வழியாகவே புதுப்பிக்கலாம். வில்ட்ராக்ஸ் லென்ஸின் உடம்பிலேயே ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கும், அதைக் கணினியில் செருகிப் புதுப்பிக்க வேண்டும். புது பாடியோ, பாடிக்குப் புது ஃபர்ம்வேரோ வரும்போது வில்ட்ராக்ஸ் போன்ற லென்ஸ்காரர் கொஞ்ச நாள் காத்திருந்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துப் புதுப்பிப்பது நல்லது. அதே சமயம், ஷென்ஜெனிலிருந்து வரும் இந்தக் கம்பெனியை மட்டமாக நினைத்த காலம் முடிந்துவிட்டது. 2025இல் அது கொண்டுவந்த 85 எஃப்/1.4 ப்ரோ, சோனி எஃப்/1.8 அறிமுகமான அதே 600 டாலர் அளவில்தான் வந்தது. எடை சுமார் 800 கிராம் என்பதுதான் அதற்கு விலை. காலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்புவரை இரண்டு பாடியைத் தோளில் தொங்கவிடுபவருக்கு அந்த விலை சிறியதல்ல.

நிறத்தைப் பற்றிய பேச்சை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. சிக்மா கொஞ்சம் மஞ்சள், சோனி கொஞ்சம் குளிர் என்பார்கள். ரா ஃபைலில் ஒரு நொடியில் சரியாகும் வேறுபாடு அது. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகள் செய்யும் அட்டூழியத்துக்கு முன்னால் லென்ஸின் நிறம் எங்கே தெரியப் போகிறது! பழுதுபார்ப்பு அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் ஒரு கம்பெனி என்றால், ஃபோகஸ் தடுமாறும்போது இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். சீசன் நடுவில் இப்படி அலைவது தொழில்காரருக்கு வருமான இழப்பு. பழையது விற்கும்போது கம்பெனி லென்ஸுக்கு விலை நன்றாக நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் வாங்கும்போதே கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வருகிறது என்பதை மறந்து "ரீசேல் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது தன்னைத் தானே ஏமாற்றுவது.

85இல் மலிவான கம்பெனி லென்ஸ் நன்றாக இருப்பதால் எல்லாக் குவியத்தூரத்திலும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது. சோனி 50 எஃப்/1.8, 2016இல் 250 டாலருக்கு வந்தது. எடை 186 கிராம், படம் போதுமான அளவு கூர்மை. ஆனால் ஃபோகஸ் மோட்டார் பழைய பாணி. குறைந்த வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடும், சத்தமும் போடும். கம்பெனி பெயர் இருந்தும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சிக்மாவின் 50 எஃப்/2வோ, சாம்யாங்கின் இரண்டாம் பதிப்பு 50 எஃப்/1.4வோ மேல். 35இல் நிலைமை மறுபடி புரள்கிறது. 280 கிராம் எடையில் சோனியின் 35 எஃப்/1.8 இருக்கும்போது வெளியே தேட வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

இனி 85க்குத் தீர்ப்பு. முதல் 85 வாங்குபவர் சோனி எஃப்/1.8 வாங்கட்டும். கம்பெனிப் பெயருக்காக அல்ல, அந்த விலையிலும் எடையிலும் அதைப்போல இன்னொன்று இல்லாததால். எஃப்/1.4 கட்டாயம் வேண்டும் என்பவர், ஏ7 IV போன்ற பாடி வைத்திருந்தால், சிக்மாவை எடுக்கட்டும். புது ஜிஎம் எடையில் சற்றே கூடுதல், அறிமுக விலையில் 600 டாலர் கூடுதல். அந்த வேறுபாட்டுக்குக் கிடைப்பது வேகமான மோட்டாரும் 15 ஃபிரேம் வரம்பிலிருந்து விடுதலையும்தான். ஓடும் பிள்ளைகளையும் விளையாட்டையும் வேகமான பாடியில் எடுப்பவருக்கு அது நியாயமான செலவு. மணவறையில் உட்கார்ந்திருக்கும் மணமக்களை எடுப்பவருக்கு அல்ல. முதல் ஜிஎம்மைப் புதிதாக வாங்க இன்று ஒரு காரணமும் இல்லை. பழையது மிக மலிவாகக் கிடைத்து, அந்தப் பின்னணிக் கரைசலுக்காகவே வேண்டும் என்றால் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் உங்கள் சொந்த பாடியில் மாட்டி, ஒரு செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டி, முழுத் திறப்பில் நாலைந்து படம் எடுங்கள். நான்கு மூலையில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம், வேறொன்று கேளுங்கள். தொழிற்சாலையில் கண்ணாடி சற்றுக் கோணலாக உட்கார்ந்துவிடுவது கம்பெனி லென்ஸிலும் நடக்கும், வெளி லென்ஸிலும் நடக்கும். இன்னும் பாடியே வாங்காதவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. நீங்கள் ஆசைப்படும் மவுண்டுக்கு எத்தனை கம்பெனிகள் ஆட்டோஃபோகஸ் 85 விற்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள், பாடியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.